மனைக்கோழியும் அதன் தீனியும்: நெய்வேலிப் புறக்கடையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

தமிழர் வளர்த்த உயிர்களுள் ஆவும் யானையும் புரவியும் ஆராய்ச்சியாளர் கருத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளன. புறக்கடையில் திரியும் கோழியோ அத்துணைக் கருத்தைப் பெற்றிலது. சேவலின் போரும் கொடியும் பேசப்பட்ட அளவிற்குக் கோழியின் தீனி பேசப்படவில்லை. இட்ட தீனியிற் சிலவற்றையே பொறுக்கி ஏனையவற்றை ஒதுக்குதல், இட்ட முட்டையைத் தானே உடைத்துக் குடித்தல் என்னும் இரு குறைகளை வீட்டில் கோழி வளர்ப்பார் பலரும் கூறுவர். இவை கோழியின் இயல்போ, அன்றி அது வாழும் இடத்தின் விளைவோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது. உழவர் ஊர்கள் ஒரு தலைமுறைக்குள் தொழிற்குடியிருப்பாக மாறிய நெய்வேலி, இவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற நிலமாகும்.

2. இலக்கியம் காட்டும் கோழி

தொல்காப்பிய மரபியல், 'அளகு' என்னும் பெண்மைப் பெயரைப் பறவைகளுள் கோழிக்கும் கூகைக்குமே உரித்தாக்குகின்றது. பெரும்பாணாற்றுப்படை, மருத நிலத்துப் பேரூரில் பாணர் பெறும் வெண்ணெற் சோற்றோடு மனையில் வாழும் அளகின் வாட்டினையும் சேர்த்துக் கூறுகின்றது. எனவே பெட்டைக்கோழி மனைக்குரிய செல்வமாக மதிக்கப்பட்டமை தெளிவு.

அது எதனை உண்டது? பட்டினப்பாலை இதற்கு விடை தருகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து அகன்ற முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழியின்மேல் மகளிர் தம் காதிற் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர்; அக்குழை சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரைத் தடுக்கின்றது. நகரின் வளம் கூறவந்த புலவர் உருத்திரங்கண்ணனார், கோழியின் இயல்பையும் உடன் காட்டிவிட்டார். ஆண்டு மகளிர்க்குற்ற தொல்லை கோழி உண்ண மறுத்ததன்று. வேண்டாவிடத்தும் வந்து உண்டதேயாம்.

குறுந்தொகை 139ஆம் பாட்டில், ஒக்கூர் மாசாத்தியார் மாலையில் வெருகுக்கு அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் மனைக்கோழியைக் காட்டுகின்றார். பகலெல்லாம் குஞ்சுகளொடு பரந்து மேய்ந்து மாலையில் மனை சேர்தல் அதன் வாழ்வு என்பது இதனாற் பெறப்படும். முட்டை குடிக்கும் குறை இப்பாடல்களில் இடம்பெறவில்லை. எனினும் கூறாமை இன்மைக்குச் சான்றாகாது. அக்காலத்துக் கோழிக்கு வேலியற்ற மேய்ச்சல் இருந்தது என்ற அளவே நாம் துணிதற்குரியது.

நெய்வேலியை உட்கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சேவல் உருவம் பொறித்த பழைய நினைவுக்கல் ஒன்று உள்ளது. முகையூர் மேற்சேரிக்குரிய கோழி என அதன் எழுத்துப் பொறிப்பு குறிக்கின்றது. ஒரு சேரியார் தம் கோழிக்குக் கல்லெடுத்த நிலம் இது என்பது நினைக்கத்தக்கது.

3. தானியமும் கோழியும்

கோழி மனிதரை அடைந்த வரலாறும் பட்டினப்பாலைக் காட்சியோடு ஒத்துச் செல்கின்றது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த தொல்லியல் ஆய்வுகள், தென்கிழக்கு ஆசியாவில் நெல்லும் தினைவகையும் பயிரிடப்பட்ட இடங்களை நாடிச் செங்காட்டுக்கோழி வந்து பழகியது எனக் கருதுகின்றன. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்து எலும்புகள் கி.மு. 1650–1250 அளவினவாகக் கணிக்கப்பட்டுள்ளன. மஞ்சள் தோலுக்குரிய மரபுக்கூறு தென்னிந்தியச் சாம்பற் காட்டுக்கோழியினின்று வந்தது என்பது 2008இல் அறியப்பட்டது. ஆகவே சிந்திய தானியமே கோழியை முற்றத்திற்கு அழைத்தது. அழைத்த பின்னரும் அது தன் உணவைத் தானே தேடிற்று. களத்து நெல், குப்பைமேட்டுப் புழு, எருக்குழிப் பூச்சி, பசும்புல், சிறுகல், சுண்ணாம்புக் காரைத் துணுக்கு ஆகியன அதன் கலவைத் தீனியாயின. சாணமும் பழஞ்சாக்கும் அடைத்த பானையை மாலையில் ஈரநிலத்திற் கவிழ்த்து, காலையில் அதில் ஏறிய கரையானைக் குஞ்சுகளுக்கு உதறுவது தமிழக உழவர் வழக்கம். புரதம் என்னும் சொல்லறியாதவர் புரதமூட்டிய முறை அது.

4. கையால் ஊட்டிய தீனி

மனிதர் தாமே தேர்ந்து ஊட்டியபோது நேர்ந்ததை யாவாத் தீவின் வரலாறு காட்டும். 1890ஐ ஒட்டிப் பத்தேவியாவில் ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர், ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதைக் கண்டார். மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோற்றை அவை உண்டு வந்தன. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் தேறின. தவிட்டில் ஓர் உயிர்ச்சத்து உண்டென்னும் அறிவு இதனின்றே வளர்ந்தது. ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. வெண்சோறு மட்டுமே பெறும் கோழி நிறைவாக உண்டும் பசித்திருக்கும் என்பது இதன் படிப்பினை.

5. நெய்வேலி

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957இல் சுரங்கம் வெட்டத் தொடங்கினர். 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. சுரங்கத்தின் பொருட்டு ஊர்கள் பல இடம்பெயர்க்கப்பட்டன; வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட நகரியம் எழுந்தது. இடம்பெயரும் குடும்பம் கோழியைக் கூடையில் எடுத்துச் செல்லலாம். களத்தையும் வைக்கோற்போரையும் எருக்குழியையும் எடுத்துச் செல்லுதல் இயலாது. வேலிக்குள் அமைந்த சிறு தோட்டத்தில் கோழி தேடுவதற்குரியது குறைவு. அதன் உணவு வளர்ப்போர் கையைச் சார்ந்ததாகின்றது.

இந்நிலையிலேயே முதற்குறை புலப்படுகின்றது. கோழிக்குச் சுவை மொட்டுகள் மிகச் சில. அது பெரும்பாலும் கண்ணாலும் அலகாலுமே தேர்கின்றது. முழுமணியைப் பொறுக்கித் தூளைச் சிதறுவது ஆதலின் செருக்கன்று. தவிடும் பிண்ணாக்கும் கலந்த தூளைச் சிறிது நீர் தெளித்துப் பிசறிக் காலைப் பசியில் வைத்து, மணித்தீனியை மாலையிற் சிறிதளவே இட்டால் ஒதுக்குதல் குறையும். புதுத்தீனியைப் பழையதோடு சில நாள் கலந்தே பழக்குதல் வேண்டும். நிலக்கடலை மிகுதியாக விளையும் இப்பகுதியில் கடலைப் பிண்ணாக்கு நல்ல புரதவுணவு; ஆயினும் பூஞ்சணம் பிடித்தது நஞ்சாம். 1960இல் இங்கிலாந்தில் நூறாயிரம் அளவிலான வான்கோழிகள் அத்தகைய பிண்ணாக்கால் மாண்டதனாலேயே அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு அறியப்பட்டது.

இரண்டாங்குறையின் தொடக்கம் பெரும்பாலும் விபத்தே. ஒரு முட்டையின் ஓட்டிற்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். அரிசி அதனைத் தாராது. கோடை வெப்பத்தில் கோழி குறைவாக உண்ணும். மிக இரைத்து மூச்சுவிடுதலால் ஓட்டிற்கு வேண்டிய கரிமப் பொருளையும் இழக்கும். ஓடு மெலிந்த முட்டை கூட்டில் உடையும். அதனைச் சுவைத்த கோழி மறுமுறை தானே கொத்தும். பிற கோழிகளும் கண்டு பயிலும். எனவே ஒறுப்பதினும் காரணத்தை நீக்குதலே முறை. கிளிஞ்சலை நொறுக்கித் தனிக்கலத்தில் வைத்தால் முட்டையிடும் கோழி வேண்டிய அளவு தானே எடுத்துக்கொள்ளும். முட்டையோட்டை இடுவதாயின் உருத் தெரியாதவாறு காயவைத்து இடித்தே இடுதல் வேண்டும். இருண்ட மூலையில் தடிப்பாக வைக்கோல் பரப்பிய கூடு, நீங்காத குளிர்நீர், காலையிலேயே முட்டையை எடுத்தல், கொத்திப் பார்த்துச் சலிக்குமாறு கூட்டில் ஒரு மரமுட்டை ஆகியன துணைபுரியும். பழக்கம் முற்றிய கோழியைப் பிறவற்றினின்று பிரித்து வைத்தல் வேண்டும்.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: கோழி தானியத்தை நாடித் தானே மனைக்கு வந்தது, பல நூற்றாண்டு தன் தீனியைத் தானே கலந்து உண்டது, வேலி வந்தபின் அக்கலவை சிதைந்தது, குறையாகக் கூறப்படுவன அச்சிதைவின் அடையாளங்களே. முட்டை வீட்டுக் குழந்தையின் உணவு. மனைவியின் சிறுவாட்டுப் பணம். அதனை இழந்த சினத்தில் கோழியைக் குழம்புக்கு அனுப்புவோர், பழைய முற்றம் அதற்கு அளித்தவற்றுள் எதனைத் தாம் அளிக்கத் தவறினோம் என முதலில் எண்ணுதல் வேண்டும். இடம்பெயர்ந்த ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் நிலத்தையும் கோயிலையும் குறிப்பதோடு அமையாது, கரையான் பானை போன்ற புறக்கடை அறிவையும் அறிந்த முதியோர் உள்ளபொழுதே கேட்டுத் தொகுத்தல் தக்கது.