பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே கழட்டி எறியாதீங்கோ

மெதுவாய் ஓடுற பழைய கொம்பியூட்டரைப் பற்றிக் கேட்டால் இப்ப எல்லாரும் சொல்லுறது ஒண்டுதான்: "எஸ்.எஸ்.டி ஒண்டு போடுங்கோ, பறக்கும்." பறக்கும்தான். சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100, 150 மெகாபைட் வாசித்தால், சாட்டா எஸ்.எஸ்.டி 500ஐத் தாண்டும். ஆனால் பெரிய வித்தியாசம் இந்த எண்ணில் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் தட்டுச் சுழல, வாசிக்கும் தலை ஒவ்வொரு துண்டையும் தேடி ஓட வேண்டும். வின்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைக் கேட்கும். அந்த ஓட்டத்துக்குத்தான் நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறம். எஸ்.எஸ்.டியில் அசையிற பாகமே கிடையாது.

1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. கொள்ளளவு ஏறக்குறைய 5 மெகாபைட், இண்டைக்குக் கைபேசியில் எடுக்கிற ஒரு படம்! எஸ்.எஸ்.டிக்கு அடிப்படையான ஃபிளாஷ் நினைவகத்தை 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கினார். இவ்வளவு காலமாகியும் ஹார்ட் டிஸ்க் ஒழியவில்லை. அதே காசுக்குக் கூட இடம் தரும் என்பதால், புதியதுக்குப் பக்கத்திலேயே பழையதும் இருக்கிறது.

எங்கட மானிப்பாய்க்கு இது பழகின கதை. அமெரிக்க மிஷன் 1830களின் நடுவில் இங்கே அச்சுக்கூடம் நடத்தத் தொடங்கியது. உடுவில் சந்திரசேகர பண்டிதர் தொகுத்த, ஏறத்தாழ 58,500 சொற்கள் கொண்ட அகராதி 1842இல் வெளிவந்தது. மானிப்பாய் அகராதி எண்டு சொல்லுறது அதைத்தான். அதுக்காக ஏடுகள் அடுத்த நாளே அடுப்புக்குப் போகவில்லை. அச்சும் ஏடும் கனகாலம் ஒன்றாய் இருந்தன. ஆனால் ஏடு செல்லரிக்கும், பூச்சி தின்னும், ஆராவது திரும்ப எழுத வேண்டும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பதிப்பித்ததால்தான் 1887இல் கலித்தொகை அச்சேறியது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அச்சுப் புத்தகத்துக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி இருந்திருக்கலாம். ஒரே பிரதியாய் இருந்த ஏட்டுக்கு அந்த வாய்ப்பே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எங்கட நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வைப்பதை இந்த நினைவோடுதான் நாங்கள் பார்க்கிறம்.

அதனால்தான் அந்தப் "பறக்கும்" பேச்சில் எங்களுக்குக் கொஞ்சம் பயம். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தால் அது இரண்டு பிரதி ஆகாது. மாரியில் ஒரு மின்னல் இரண்டையும் கொண்டுபோகும்.

முதல் வேலை, பழைய டிஸ்க்கில் உள்ள குடும்பப் படங்களை வெளி டிஸ்க் ஒன்றில் கொப்பி எடுத்து, ஏலுமெண்டால் வேறொரு வீட்டில் வைப்பது. பிறகு பழைய டிஸ்க்கின் வயரைக் கழட்டிவிட்டு, எஸ்.எஸ்.டியை மட்டும் கொழுவி வின்டோஸ் போடுங்கோ. இரண்டையும் கொழுவிப் போட்டால், தொடக்கக் கோப்புகள் பழையதில் போய் உட்கார்ந்துவிடும். அது செத்தால் கொம்பியூட்டரும் தொடங்காது. முடிந்தபின் பழையதைத் திரும்பக் கொழுவி, பயோஸில் எஸ்.எஸ்.டியை முதலாவதாய் வையுங்கோ. ஹார்ட் டிஸ்க் சாக முதல் பலவேளை டிக் டிக் எண்டு சத்தம் போடும். எஸ்.எஸ்.டி அனேகமாய்ச் சொல்லாமல் போகும்.