மலை அணிலும் காட்டுப் பூவரசும்: ஊவா மலைகளின் இரு பழைய குடிகள்

பதுளைக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ளது ஹாலிஎல. இங்கிருந்து மேலே பார்த்தால் தேயிலையும், அதற்கு நிழல் தரும் சவுக்கும், யூக்கலிப்டஸும்தான் கண்ணில் படும். தோட்டங்கள் வருவதற்கு முன்னர் இம்மலைகளுக்கு உரியவை வேறு. அவற்றுள் ஒரு விலங்கையும் ஒரு மரத்தையும் இங்கு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மலை அணில்

சிங்களத்தில் 'தண்டு லேனா'. தமிழகத்தில் நரை அணில் என்பர். வாலோடு 50 முதல் 90 சென்ரிமீற்றர் நீளம், 1.5 முதல் 2 கிலோ நிறை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே வாழ்கின்றது. பழம், கொட்டை, மரப்பட்டை, பூச்சிகள் இதன் உணவாகும். கிளைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் கூடு கட்டும். பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும்.

காட்டுப் பூவரசு

சிங்களத்தில் 'மஹ ரத்மல்'. ஐரோப்பிய மலைகளில் படரும் ஹீதர் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் இன்னொரு வகை நேபாளத்தின் தேசிய மலராகும். ஹக்கலையிலும் ஹோட்டன் சமவெளியிலும் சிவந்த பூங்கொத்துகளுடன் நிற்பதைக் காணலாம். தேயிலையைப் போலவே அமில மண்ணை விரும்பும். தடித்த பட்டை புல்வெளித் தீயிலிருந்து மரத்தைக் காக்கின்றது.

எங்கே வேறுபடுகின்றன?

மரத்தின் விதை தூசி போன்றது. காற்று அதைத் தோட்டங்களுக்கு அப்பாலும் கொண்டு செல்லும். ஆனால் குளிர்ந்த உயரத்தை விட்டுக் கீழே இறங்கி அதனால் பிழைக்க முடியாது. அணில் தாழ்ந்த காடுகளிலும் வாழும். ஆனால் அதற்குக் கிளை விட்டுக் கிளை தாவ வழி வேண்டும். வழி அறுந்தால் தரையில் இறங்க வேண்டும். அங்கே நாய்கள் காத்திருக்கும்.

அந்த வழி அறுந்தது 19ஆம் நூற்றாண்டில். கோப்பிக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. 1869இல் கோப்பியில் இலைநோய் தோன்றியது. பின்னர் அதே நிலத்தில் தேயிலை வந்தது. காட்டை வெட்டியது தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எமது மக்களின் கைகள். காணி மட்டும் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. 1977, 1983 வன்செயல்களின் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்ற குடும்பங்களுக்கு, இருப்பிடம் துண்டாகிப் போவது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

1988இல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவானது. அதே ஆண்டில் தமிழகத்தின் ஸ்ரீவில்லிபுத்தூரில் நரை அணிலுக்கென சரணாலயம் அமைந்தது. பூங்காவின் எல்லை பூவரசைக் காக்கும். அணிலுக்கு அது போதாது. தோட்டங்களின் ஓடைக்கரைகளில் நாட்டு மரங்களை இடைவெளியின்றி விட்டுவைத்தால், அதுவே அணிலுக்குப் பாதை. அதே மரங்களின் வேர்கள் லயன்களுக்கு மேலே உள்ள மண்ணையும் பிடித்து வைக்கும்.