விஸ்கோ: கண்ணுக்குள் போய்வரும் ஒரு கூழின் கதை

கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்தவரைக் கேட்டால், "லென்ஸ் வெச்சிருக்காங்க" என்பார். லென்ஸ் எந்தக் கம்பெனி, உள்நாட்டுச் சரக்கா, வெளிநாட்டுச் சரக்கா என்று வீட்டில் பேசி முடித்திருப்பார்கள். அந்த லென்ஸ் உள்ளே நுழைய இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் கழுவி வெளியேற்றப்படும் கூழ் ஒன்று உண்டு. அதன் பெயரை நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் அதை 'விஸ்கோ' என்பார்கள். கண்ணாடி போலத் தெளிவாக, தேனைவிடச் சற்று இளக்கமாக, சிறு சிரிஞ்சில் அடைத்து வருவது.

2019 ஜூலையில் பெங்களூரு மிண்டோ கண் மருத்துவமனையில் நடந்த துயரத்துக்குப் பிறகுதான் இந்தக் கூழின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. அது எங்கே பிறக்கிறது, எந்த வழியாக நம் கண்ணுக்குள் வருகிறது, வரும் வழியில் எந்த இடத்தில் கிருமி ஏறிக்கொள்ள முடியும் என்பதை, கண் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூழின் பூர்வீகம் மரமும் பஞ்சும். மரக்கூழிலும் பருத்தியிலும் உள்ள செல்லுலோஸை ரசாயனங்களால் பதப்படுத்தினால் ஹைட்ராக்ஸிபுரொப்பைல் மெத்தில்செல்லுலோஸ் என்ற வெள்ளைத் தூள் கிடைக்கும். மாத்திரையின் மேல்பூச்சிலும் டைல்ஸ் ஒட்டும் கலவையிலும்கூட இந்தத் தூள் சேர்கிறது. மருந்துத் தரத்தில் எடுத்து, உப்புக் கரைசலில் நூற்றுக்கு இரண்டு பங்கு கரைத்தால் அதுவே விஸ்கோ.

கண் அறுவைக்குள் இது நுழைந்தது 1970களின் பிற்பகுதியில். அதே காலத்தில் எண்ட்ரே பலாஷ் என்ற ஆய்வாளர் சேவலின் கொண்டையிலிருந்து ஹையலுரானிக் அமிலத்தைப் பிரித்து, அதே வேலைக்கு ஆக்கியிருந்தார். அருமையான பொருள், ஆனால் விலை அதிகம். ஜெர்மனியின் கண் மருத்துவர் பால் ஃபெக்னர் 1977ல் மெத்தில்செல்லுலோஸைக் கொண்டு லென்ஸ் பொருத்தும் முறையை எழுதினார். மலிவான அந்தக் கூழ்தான் இந்தியாவுக்கு ஏற்றதாக இருந்தது. அரசு மருத்துவமனைகளிலும் இலவச முகாம்களிலும் லட்சக்கணக்கான ஏழைகளுக்கு லென்ஸ் வைக்க முடிந்ததில் இந்தக் கூழுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் நன்மையை முதலில் சொல்லிவிடுவதே நியாயம்.

கண்ணின் முன்னறை, கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவே சுமார் மூன்று மில்லிமீட்டர் ஆழமுள்ள சின்ன இடம். கத்தி பட்டதும் உள்ளிருக்கும் நீர் ஒழுகி, அறை சப்பிப்போகும். கருவிழியின் உட்புறத்தில் ஒரே வரிசையாக உயிரணுக்கள் பதிந்திருக்கின்றன. இறந்தால் அவை மறுபடி முளைப்பதில்லை. கருவி உரசி அவை அழிந்தால் கருவிழி வெளுத்து மங்கிவிடும். விஸ்கோ அறையைத் தாங்கி நிறுத்துகிறது, அந்த உயிரணுக்களின் மேல் மெத்தை போலப் படிகிறது. புரையை எடுத்து லென்ஸை வைத்தபின் அதைக் கழுவி எடுக்கிறார்கள். கண்ணுக்குள் அதன் வாழ்நாள் சில நிமிடங்கள்தான்.

அந்தச் சில நிமிடங்களுக்காகத் தொழிற்சாலையில் செய்ய வேண்டிய ஏற்பாடு பெரியது. உடலின் மற்ற இடங்களில் நுழையும் கிருமியை ரத்தம் துரத்திப் பிடிக்கும். கண்ணின் பின்பகுதியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் கூழில் ரத்தக் குழாய் கிடையாது. வெதுவெதுப்பாக, ஈரமாக, காவல் இல்லாமல் இருக்கும் இடம் அது. கிருமி வளர்ப்பதற்கென்று ஆய்வகத்தில் தயாரிக்கும் தட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆகவே விஸ்கோவை நீராவி அழுத்தத்தில், ஆட்டோகிளேவில், வழக்கமாக 121 டிகிரி வெப்பத்தில் வைத்துச் சுத்திகரிக்கிறார்கள். இந்தக் கூழுக்கு வினோதமான குணம் ஒன்று உண்டு. வெல்லப்பாகு சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். இது சூட்டில் திரண்டு வெளுக்கும், ஆறினால் மறுபடி கரைந்து தெளியும். அதனால் சூட்டின் அளவு, நேரம், ஆறவிடும் முறை எல்லாவற்றிலும் தனிக் கவனம் தேவை. தண்ணீரிலும் கவனம் தேவை. சூடோமோனாஸ் எருஜினோசா என்ற கிருமி ஈரம் இருக்கும் இடமெல்லாம் வாழும். குழாயிலும் தொட்டியிலும் வடிகாலிலும் இருக்கும். போதிய உணவில்லாத நீரிலும் பிழைத்துக்கொள்ளும்.

பிறகு சோதனை. ஒரு பேட்சிலிருந்து சில சிரிஞ்சுகளை எடுத்து, 14 நாள் கிருமி வளர்ப்பு ஊடகத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பெரிய பேட்சாக இருந்தாலும் பொதுவாக இருபதுதான் எடுப்பார்கள். இதில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஒரு சிரிஞ்சு கெட்டிருந்தால், இருபதை எடுத்துச் சோதிக்கும்போது கெட்டது சிக்குவதற்கான வாய்ப்பு 18 சதவீதம். சிக்காமல் தப்பிப்போக 82 சதவீதம். சோதனை சான்றிதழ் தரும், காவல் முழுக்க அதன் கையில் இல்லை. ஆட்டோகிளேவ் அறையில் ஒழுங்காக வேலை செய்பவர்தான் முதல் கண் மருத்துவர்.

சான்றிதழுடன் பெட்டி கிளம்புகிறது. விநியோகஸ்தர், கிடங்கு, மருத்துவமனை ஸ்டோர், தியேட்டர் அலமாரி என்று கை மாறுகிறது. ஒவ்வொரு கையும் தனக்கு முந்தைய கையை நம்புகிறது. கடைசியில் நர்ஸ் உறையைக் கிழித்து, டாக்டரின் கையில் கொடுக்கிறார். அந்த நேரத்தில் அதற்குள் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. கெட்ட விஸ்கோவும் நல்ல விஸ்கோவும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெளிவாகவே இருக்கும்.

மிண்டோ மருத்துவமனை சாமராஜ்பேட்டையில், கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் இருக்கிறது. 1896ல் தொடங்கி, வைஸ்ராய் மிண்டோ பிரபுவின் பெயரைத் தாங்கி, பெங்களூரு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசுக் கண் மருத்துவமனை. கையில் பணமில்லாதவர்கள் நம்பி வரும் இடம். 2019 ஜூலை 9 அன்று அங்கே 24 பேருக்குக் கண்புரை அறுவை நடந்தது. அடுத்து வந்த நாட்களில் அவர்களின் கண்களில் கடுமையான தொற்று ஏற்பட்டது. பலருக்கு அந்தக் கண்ணில் பார்வை போயிற்று. அறுவையில் பயன்படுத்திய விஸ்கோவில் சூடோமோனாஸ் கிருமி இருந்ததாக மருத்துவமனை தரப்பு அறிவித்தது. பார்வை இழந்தவர்களுக்கு மாநில அரசு நஷ்டஈடு வழங்கியது. நவம்பரில் மருத்துவமனைக்குள் போராட்டமும் இளம் டாக்டர்கள் மீது தாக்குதலும் நடந்து, கர்நாடகம் முழுவதும் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலைவரை போனது. பார்வை போன வீட்டின் கோபம், கத்தி பிடித்த கையின் மேல்தான் முதலில் விழும். சிரிஞ்சு வந்த வழி நீளமானது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது.

இப்படிப்பட்ட தொற்றுக்கு எண்டாப்தால்மைட்டிஸ் என்று பெயர். கண்ணின் உட்பகுதி முழுவதும் சீழ்பிடிக்கும் நிலை. வசதியான சூழலில் சூடோமோனாஸ் அரை மணிக்கொரு தரம் இரட்டிக்கக்கூடும். அந்தக் கணக்கில் ஒன்று பத்து மணி நேரத்தில் பத்து லட்சமாகிவிடும். கண் சிவக்கும், இமை வீங்கும், கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளையாகச் சீழ் படியும். பார்வை மங்கி, கை அசைவது மட்டும், பிறகு வெளிச்சம் மட்டும் தெரியும் நிலைக்கு இறங்கும். சாதாரணக் கிருமிகளால் வரும் தொற்று பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும். சூடோமோனாஸ் ஓரிரண்டு நாளிலேயே காட்டிவிடும்.

சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து மருத்துவம் கடிகாரத்தோடு ஓட வேண்டும். நுண்ணிய ஊசியால் விட்ரியஸிலிருந்து சில துளிகளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அதன் முடிவுக்குக் காத்திருக்காமல் அதே வேளையில் கண்ணுக்குள்ளேயே மருந்து செலுத்துகிறார்கள். வாங்கோமைசின் ஒரு மில்லிகிராம், செஃப்டாஸிடிம் 2.25 மில்லிகிராம். ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு மில்லி திரவத்தில். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்தால் திரிந்துவிடும் என்பதால் தனித்தனி சிரிஞ்சு. ரத்தம் வழியாகப் போகும் மருந்து கண்ணுக்குள் போதுமான அளவு சேராது என்பதால்தான் இந்த நேரடி வழி.

அமெரிக்காவில் 420 நோயாளிகளை வைத்து நடந்து 1995ல் வெளியான பெரிய ஆய்வு இந்தச் சிகிச்சைக்கு அடிப்படை ஆனது. வெளிச்சம் மட்டும் தெரியும் நிலைக்குப் போன கண்ணுக்கு, சீழ் ஊறிய விட்ரியஸையே வெட்டி எடுக்கும் விட்ரெக்டமி உடனே செய்தால் நல்ல பார்வை திரும்பும் வாய்ப்பு மூன்று மடங்கானது. கை அசைவாவது தெரிந்த கண்களுக்கு ஊசி மருந்தே ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்த நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு வலியே இல்லை. ஆகையால் வலி இல்லை என்று யாரும் நிம்மதியடையக் கூடாது. சூடோமோனாஸ் தொற்றில் முடிவு பெரும்பாலும் இதைவிட மோசம். எல்லா மருந்துக்கும் தப்பும் வகைகளும் உண்டு. கண்ணையே அகற்ற வேண்டிவந்த நோயாளிகளும் உண்டு.

ஒரே நாளில் இரண்டு மூன்று கண்கள் சிவந்தால் டாக்டர்கள் அதைத் தனித்தனி துரதிர்ஷ்டமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தியேட்டரை மூட வேண்டும். அன்று பயன்படுத்திய எல்லாவற்றையும், விஸ்கோவையும் கண் கழுவும் நீரையும் கருவிகளையும் சீல் வைக்க வேண்டும். முக்கியமாக, அதே பேட்சில் இன்னும் பிரிக்காத சிரிஞ்சுகளைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பிரித்ததில் கிருமி இருந்தால் அது தியேட்டரில் சேர்ந்ததா, தொழிற்சாலையில் சேர்ந்ததா என்று சொல்ல முடியாது. பிரிக்காததில் இருந்தால், அது வரும்போதே கொண்டுவந்தது. பிரிக்காத சிரிஞ்சுதான் சாட்சி.

கண்ணுக்குப் போகும் மருந்தில் கிருமி ஏறினால் என்ன ஆகும் என்பதை 2023ல் உலகமே பார்த்தது. சென்னைக்கு அருகே தயாரான கண் வறட்சிச் சொட்டு மருந்து அமெரிக்காவுக்குப் போய், பல மாநிலங்களில் சூடோமோனாஸ் தொற்று பரவியது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் 81 பேருக்குத் தொற்று, நான்கு மரணம், 14 பேருக்குப் பார்வை இழப்பு. நம் பக்கத்தில் 2008ல் பெரம்பலூரில் கண்புரை அறுவை செய்துகொண்ட 66 பேர் பார்வை இழந்ததைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கேள்வி ஒன்றுதான்: எந்த வழியாக வந்தது?

தடுக்க வழி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் கண்ணில் ஐந்து சதவீத பொவிடோன் அயோடின் விடுவது இமையிலும் கண் விளிம்பிலும் இருக்கும் கிருமிகளைக் குறைக்கிறது. ஆபரேஷன் முடிவில் முன்னறைக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் ஒரு துளி செலுத்தும் வழக்கத்தை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமம் பெரிய அளவில் ஆராய்ந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில், தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியது. ஏழைகளுக்காக 1976ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய இடத்திலிருந்து உலகத்துக்குப் போன பாடம் இது. ஆனால் கெட்ட பேட்சில் அடைபட்டு வரும் கிருமிக் கூட்டத்தை ஒரு துளி மருந்து தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அதைத் தடுக்க பேட்ச் எண் வேண்டும்.

லென்ஸின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் அட்டையில் ஒட்டுவது வழக்கம். அதே அட்டையில் விஸ்கோவின் பேட்ச் எண்ணும் கண் கழுவும் நீரின் பேட்ச் எண்ணும் ஏற வேண்டும். அரை நிமிட வேலை. ஒரு கண் சிவந்தால், அதே பேட்ச் போன மற்ற கண்களை அன்றே தேடிப் பிடிக்க அந்த அரை நிமிடம் போதும். ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு சிரிஞ்சுகளைப் பிரிக்காமல் தியேட்டரில் எடுத்து வைப்பதும் அதே போன்ற சின்ன வேலைதான். அரசு மருத்துவமனையானாலும் முகாமானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இதில் விதிவிலக்கு கூடாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கண்புரை ஆபரேஷன் நடந்தால், டிஸ்சார்ஜ் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். அதில் பேட்ச் எண்கள் இருக்கின்றனவா என்று மரியாதையோடு கேளுங்கள். அடுத்த ஒரு வாரமும் காலையும் மாலையும் மற்ற கண்ணை மூடி, ஆபரேஷன் செய்த கண்ணால் காலண்டரின் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். நேற்றுத் தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால், கண் சிவந்தால், இமை வீங்கினால், வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். ஆட்டோ பிடித்து அன்றிரவே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போங்கள். இந்த நோயில் ஒரு இரவு என்பது ஒரு கண்.