எட்டாவது பருவம்

தமிழ்ப் புலவர்கள் பெண்ணின் வாழ்க்கையை ஏழு பருவங்களாக வகுத்தார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஒவ்வொன்றுக்கும் அழகான பெயரும் கொடுத்தார்கள். ஐந்து வயதுச் சிறுமியிடம் தொடங்கும் இந்தக் கணக்கு, பேரிளம்பெண்ணின் நாற்பதாவது வயதோடு முடிந்து போகிறது. உலா வரும் அரசனைப் பார்க்க வீதிக்கு ஓடி வருகிறவர்கள் இந்த ஏழு பேர்தாம். நாற்பத்தைந்து வயதுக்காரி என்ன ஆனாள்? அவளுக்கு அடுப்பங்கரையில் வேலை இருந்திருக்கும். புலவருக்கு அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

நம்முடைய நாவல்களும் இந்த மரபைப் பெரும்பாலும் விட்டுவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கதாநாயகிக்கு இருபது வயது. அடுத்தபடியாக அவளை நாம் பார்க்கும்போது யாருக்கோ மாமியாராகி, முந்தானையில் சாவிக்கொத்தை முடிந்துகொண்டு நிற்கிறாள். இடையில் அந்த உடம்புக்குள் ஒரு பெரிய மாறுதல் நடந்திருக்கிறது. எந்த அத்தியாயத்திலும் அதற்கு இடம் கிடைப்பதில்லை. வீடுகளிலும் இதே கதைதான். "அவளுக்கு நின்றுவிட்டது" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் தாழ்ந்த குரலில் சொல்வாள். அதோடு பேச்சும் நின்றுவிடும்.

மாதவிடாய் நிற்பதை மனிதர்கள் அறியாமல் இருந்தார்கள் என்பதல்ல. பன்னிரண்டு வயதில் தொடங்கி ஐம்பது வயதில் அது ஓய்கிறது என்று சுசுருத சம்ஹிதை கூறுகிறது. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலும் நாற்பதிலிருந்து ஐம்பது வரை என்று எழுதி வைத்தார். வயது தெரிந்திருந்தது, காரணம்தான் தெரியவில்லை. காரணம் தெரியாத இடத்தில் மனிதன் சும்மா இருப்பதில்லை. ஏதாவது ஒன்றைக் கற்பித்துக்கொண்டு, அதற்கு வைத்தியமும் செய்யத் தொடங்கிவிடுகிறான். அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இந்தப் பருவத்துக்கு மருத்துவ உலகம் இன்று வழங்கும் பெயரைச் சூட்டியவர் சார்லஸ் த கார்தான் என்ற பிரெஞ்சு வைத்தியர். மாதம், ஓய்வு என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1816-ல் ஒரு சொல்லை ஆக்கினார். 1821-ல் அதைச் சுருக்கி 'மெனோபாஸ்' என்று தம் புத்தகத்துக்கே தலைப்பாக வைத்தார். அதுவரை பிரான்ஸில் இதை 'நெருக்கடி வயது' என்று சொல்லிவந்தார்கள். பெயர் மாறியதே தவிர பயம் மாறவில்லை. மாதந்தோறும் வெளியேற வேண்டிய இரத்தம் உள்ளேயே தங்கி உடம்பைக் கெடுக்கிறது என்பது அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்களின் நம்பிக்கை. ஆகவே தங்கிய இரத்தத்தை எடுக்க வேண்டும் என்று நரம்பைக் கீறினார்கள். அட்டைகளைக் கடிக்க விட்டார்கள். லண்டனில் எட்வர்ட் டில்ட் என்ற வைத்தியர் 1857-ல் இந்தப் பருவத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார். அவரும் இரத்தம் எடுப்பதை விட்டபாடில்லை. வியர்த்துக் கொட்டி, தூக்கம் இழந்து வந்த பெண் இரத்தமும் இழந்து வீடு திரும்பினாள்.

இரத்தக் கணக்கு தவறு என்பது மெல்லத்தான் விளங்கிற்று. 1896-ல் வியன்னாவில் எமில் கினாவர் என்பவர் பெண் முயல்களின் சினைப்பையை எடுத்து, அதே உடம்பில் வேறு இடத்தில் ஒட்ட வைத்தார். இடம் மாறிய பிறகும் அது தன் வேலையைச் செய்தது, கருப்பை சுருங்கவில்லை. அப்படியானால் சினைப்பை ஏதோ ஒரு பொருளை இரத்தத்தில் கலந்து அனுப்புகிறது என்று தெரிந்தது. இப்படிப்பட்ட பொருள்களுக்கு 1905-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்று பெயர் வைத்தார். 1923-ல் அமெரிக்காவில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் பன்றியின் சினைப்பையிலிருந்து எடுத்த நீரில் அந்தச் சக்தி இருப்பதைக் காட்டினார்கள். 1929-ல் டாய்சி அமெரிக்காவிலும், பூட்டனாண்ட் ஜெர்மனியிலும், ஒருவரையொருவர் சாராமல், கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து அதைத் தூய வடிவில் பிரித்து எடுத்தார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற குடும்பத்தின் முதல் உறுப்பினர் இவ்வாறு கைக்கு அகப்பட்டது.

உண்மையில் நடப்பது என்ன? பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து லட்சம் முதல் இருபது லட்சம் வரை முட்டைக் கருக்கள் இருக்கின்றன. பூப்பெய்தும் சமயத்தில் அவற்றில் மூன்று, நான்கு லட்சம்தான் மிச்சம். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருவது சுமார் நானூறுதான்; மற்றவை தாமாகவே கரைந்து போகின்றன. இருப்பு தீரும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறியும் இறங்கியும் தடுமாறி, முடிவில் அடங்குகிறது. மாதக் கணக்கு தவறுவதும், சில சமயம் அளவு மிஞ்சிப் போவதும் இந்தத் தடுமாற்றத்தால்தான். பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் கொள்கிறார்கள். மேல்நாட்டில் இது சராசரியாக 51 வயதில் நேர்கிறது. நம் நாட்டில் 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது.

மூளையின் அடிப்பாகத்தில் உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஓர் இடம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அங்குள்ள நரம்பணுக்கள் கிளர்ச்சியடைகின்றன. மிகச் சிறிய வெப்ப மாறுதலையும் பெரிய சூடு என்று நினைத்து, அவை வியர்வையை அவிழ்த்து விடுகின்றன. நள்ளிரவில் குப்பென்று முகம் கொதித்து, ரவிக்கை நனைந்து எழுந்து உட்காரும் பெண்ணுக்கு நேர்வது இதுதான். எலும்பின் கனம் முதல் சில வருஷங்களில் வேகமாகக் குறைகிறது. பெண்ணுறுப்பில் வறட்சியும், சிறுநீர்க் கடுப்பும் ஏற்படலாம். தூக்கம் கெட்டவளுக்குக் கோபம் வந்தால் அதில் வியப்பு என்ன இருக்கிறது? "இவளுக்கு இப்போதெல்லாம் புத்தி சரியில்லை" என்று வீட்டில் முணுமுணுக்கிறவர்கள், நான்கு இரவு தூங்காமல் இருந்து பார்க்கட்டும்.

சரித்திரத்துக்குத் திரும்புவோம். காரணம் தெரிந்ததும் மருந்து வந்தது. கர்ப்பமான குதிரைகளின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் மிகுதியாக உண்டு. அதிலிருந்து தயாரித்த மாத்திரை, 1941-ல் கானடாவிலும், 1942-ல் அமெரிக்காவிலும் 'பிரீமரின்' என்ற பெயரோடு கடைக்கு வந்தது. கர்ப்பம், பெண் குதிரை, சிறுநீர் ஆகிய மூன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களின் துண்டுகளை ஒட்டி அமைத்த பெயர் அது. வியர்வை அடங்கிற்று, தூக்கம் வந்தது. இந்த மட்டில் அது நல்ல மருந்துதான்.

ஆனால் 1966-ல் நியூயார்க் டாக்டர் ராபர்ட் வில்சன் 'என்றென்றும் பெண்மை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். மாதவிடாய் நிற்பது இயற்கை அல்ல, நீரிழிவைப் போல அது ஒரு குறைபாட்டு நோய் என்பது அவருடைய வாதம். மாத்திரை சாப்பிடாத பெண் பெண்மையையே இழந்தவள் என்ற தொனியில் அவர் எழுதினார். புத்தகம் அமோகமாக விற்றது. அவருடைய ஆராய்ச்சிக்கு மருந்துக் கம்பெனிகள் பணம் கொடுத்திருந்த செய்தி பிற்பாடு வெளிவந்தது. முந்தைய நூற்றாண்டு வைத்தியர் இவளுடைய இரத்தம் கெட்டுவிட்டது என்றார். இந்த நூற்றாண்டு வைத்தியர் இவளே கெட்டுவிட்டாள் என்றார். இரண்டில் எது கொடுமை என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை.

1975 டிசம்பரில் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ சஞ்சிகை ஒன்றில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளியாயின. ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டவர்களுக்குக் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு நான்கரை மடங்கு என்றது ஒன்று. ஏழரை மடங்கு என்றது மற்றொன்று. விற்பனை சரிந்தது. புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுத்தால் இந்த ஆபத்து நீங்கும் என்று கண்டறிந்த பிறகு மாத்திரை மறுபடி எழுந்து நின்றது. இப்போது அது இருதயத்தையும் காக்கும் என்றார்கள். மாத்திரை சாப்பிட்ட பெண்களிடம் மாரடைப்பு குறைவாக இருந்தது உண்மையே. ஆனால் அவர்களில் பலர் வசதியும் படிப்பும் உள்ளவர்கள். டாக்டரை அடிக்கடி பார்ப்பவர்கள். காத்தது மாத்திரையா, வசதியா?

இதைத் தீர்க்க அமெரிக்க அரசாங்கம் 50 முதல் 79 வயது வரையுள்ள 16,608 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரட்டை ஹார்மோனும் மற்றதற்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தது. 2002 ஜூலையில், குறித்த காலத்துக்கு முன்பே, பரிசோதனை நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவிகிதம் கூடிவிட்டது என்று பத்திரிகைகள் அலறின. உலகெங்கும் பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள்.

அந்த 26 சதவிகிதத்தைப் பிரித்துப் பார்ப்போம். பதினாயிரம் பெண்களில் வருஷத்துக்கு 30 பேருக்கு வரும் மார்பகப் புற்றுநோய் 38 பேருக்கு வந்தது. மாரடைப்பு 30-லிருந்து 37 ஆயிற்று. பக்கவாதம் 21-லிருந்து 29. இடுப்பெலும்பு முறிவோ 15-லிருந்து 10-ஆகக் குறைந்தது. பொய்யும் இல்லை, பூகம்பமும் இல்லை. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதையும் கவனிக்க வேண்டும். வியர்வையால் அவதிப்படுகிற ஐம்பது வயதுக்காரியின் கேள்விக்கு அது முழுமையான பதில் ஆகாது. வயது வாரியாகப் பிரித்து ஆராய்ந்ததில், அறுபதுக்குட்பட்டோ, நின்று பத்து வருஷத்துக்குள்ளோ தொடங்குகிற ஆரோக்கியமான பெண்ணுக்கு, தொல்லை கடுமையாக இருந்தால், நன்மையே கூடுதல் என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கும், இரத்தக்கட்டியோ பக்கவாதமோ வந்தவர்களுக்கும் பொதுவாக அது வேண்டாம். ஹார்மோன் இல்லாமலே அந்த மூளை நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் ஒரு புது மருந்துக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நம் நாட்டின் கதை வேறு. இங்கே ஹார்மோன் மிஞ்சிப் போய் யாரும் கெடவில்லை. பேசாமல் இருந்துதான் கெட்டோம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களை 2019-ல் கணக்கெடுத்தார்கள். சுமார் 82,000 பேரில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. பலர் நாற்பதைக்கூட எட்டாதவர்கள். மாதவிலக்கு நாளில் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகும். மேஸ்திரிக்கு அபராதமும் கட்ட வேண்டும். இரத்தப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு, எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று ஆலோசனை கிடைத்தது. சினைப்பையும் சேர்த்து எடுக்கப்பட்டால் ஐம்பதில் வரவேண்டியது முப்பதில் வந்துவிடும். எலும்பும் இருதயமும் இருபது வருஷம் முன்னதாகவே பாதுகாப்பை இழந்துவிடும். இதை அவர்களுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

எல்லாருக்கும் எல்லாத் தொல்லையும் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மார்கரெட் லாக் என்ற அம்மையார் ஜப்பானியப் பெண்களிடம் விசாரித்து 1993-ல் எழுதிய நூலில், அவர்கள் உடம்புச் சூட்டைப் பற்றிக் குறைவாகவும், தோள்பட்டை இறுக்கத்தைப் பற்றி அதிகமாகவும் சொன்னதாகக் குறிப்பிடுகிறார். சோறும் உழைப்பும் ஊர் வழக்கமும் உடம்போடு சேர்ந்தே பேசுகின்றன. ஆனால் ஒன்று எல்லா ஊருக்கும் பொது. ஒரு வருஷம் நின்றிருந்து மறுபடி ஒரு துளி இரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். "வயசானால் அப்படித்தான்" என்று அதை ஒதுக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

பிள்ளை பெறும் காலம் முடிந்த பிறகு பல்லாண்டு வாழும் பிராணிகள் மிகச் சில. சில வகைத் திமிங்கிலங்கள் அப்படி வாழ்கின்றன. மனிதப் பெண்ணும் அப்படி வாழ்கிறாள். இது ஏன் என்று 1957-ல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற உயிரியல் அறிஞர் கேள்வி எழுப்பினார். முதிய வயதில் இன்னொரு பிள்ளை பெறுவதைவிட, பெற்றதைக் காப்பாற்றுவது குலத்துக்கு நல்லது என்பது அவர் ஊகம். பிறகு தான்சானியாவில் ஹட்ஸா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய துணைவர்களும் பார்த்தபோது, கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியவர்கள் பாட்டிமார்கள்தாம். இது முடிந்த முடிவு அல்ல. விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனாலும் கெட்ட இரத்தம், குறைபாட்டு நோய் என்ற பழைய ஊகங்களைவிட இது அவளைக் கௌரவமாகப் பார்க்கிறது.

புலவர்கள் விட்டுவிட்ட எட்டாவது பருவத்துக்குப் புதுப் பெயர் தேடி அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. அம்மாவிடம் மகளும், மனைவியிடம் கணவனும், "ராத்திரி தூங்கினாயா?" என்று கேட்டாலே போதும். அவள் சொல்லத் தொடங்குவாள்.