வேலி வளர்த்த பயிர்

ஜெர்மனியின் பழைய கிழக்கு-மேற்கு எல்லையில் சைக்கிள் ஓட்ட நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. அகலமான டயர் இல்லாமல் போகாதீர்கள். ரோந்து வண்டிகளுக்காகக் கிழக்கு ஜெர்மனி போட்ட பாதை பல இடங்களில் இன்னும் அப்படியே கிடக்கிறது. 'கொலோனன்வேக்' என்று பெயர். இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு வரிசை கான்கிரீட் பலகைகள், நடுவில் புல். பலகை முழுக்க ஓட்டைகள். லாரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சைக்கிளில் போனால் பல் ஆடிவிடும். நான் பாதி தூரம் நடுவில் இருக்கும் புல்லில்தான் ஓட்டினேன், மேடு வந்தால் இறங்கித் தள்ளினேன். மேடும் நிறைய வரும். பாதை போட்டவர்கள் வளைத்து நெளித்துப் போடவில்லை. எல்லை நேராக மலை ஏறினால் பாதையும் நேராக ஏறுகிறது.

1,393 கிலோமீட்டர் நீளம் இந்த எல்லை. வடக்கே பால்டிக் கடலில் தொடங்கி, தெற்கே பவேரியாவும் சாக்ஸனியும் செக் நாடும் சந்திக்கிற முனை வரை. பெர்லின் சுவர் எல்லாருக்கும் தெரியும். அது நகரத்துக்குள் இருந்தது, படம் எடுக்க வசதி. வயலும் காடும் வழியாகப் போன இந்த நீண்ட கோட்டைப் பற்றித் தமிழில் அதிகம் படித்ததில்லை. இன்று அதில் பெரும்பகுதி 'பசுமைப் பட்டை' என்கிற பாதுகாக்கப்பட்ட நிலம். 50 முதல் 200 மீட்டர் அகலம்தான். ஆனால் நாட்டின் குறுக்கே நீளமாகப் போகிறது.

'மனிதன் கால் வைக்காததால் இயற்கை திரும்பி வந்தது' என்று இதைப் பற்றி எழுதுவது வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எல்லை எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு மாதிரி.

மேற்கிலிருந்து கிழக்கே நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லைக் கல். அதை ஒட்டி கறுப்பு-சிவப்பு-மஞ்சள் பட்டை போட்ட கிழக்கு ஜெர்மன் கம்பம். சட்டப்படி எல்லை அவ்வளவுதான், அங்கே வேலியே கிடையாது. வேலி இன்னும் உள்ளே தள்ளி இருந்தது. விரல் நுழையாத இரும்பு வலை, ஏறக்குறைய 3 மீட்டர் உயரம். அதன் பின்னால் வண்டிகளை மறிக்க ஒரு பள்ளம். அப்புறம் காலடித் தடம் விழுந்தால் தெரிவதற்காக உழுதே வைத்திருந்த 6 மீட்டர் மண். அப்புறம் என் பல்லை ஆட்டிய அந்தப் பாதை. காவல் கோபுரங்கள். இன்னும் சுமார் 500 மீட்டர் உள்ளே தொட்டால் மணி அடிக்கும் வேலி. அதற்கும் பின்னால், எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் வரை, அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழைய முடியாத பகுதி.

வரிசையைக் கவனியுங்கள். எதிரி மேற்கிலிருந்து வருவதாக இருந்தால் யாரும் இப்படிக் கட்டமாட்டார்கள். எல்லாமே உள்ளே இருப்பவர்கள் வெளியே போகாமல் இருக்கத்தான். (ஒரு சின்ன விலகல்: 1980களில் ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நகர ரயில் பிடித்து மேற்கு பெர்லினுக்குப் போய் அடைக்கலம் கேட்டார்கள். சொந்தக் குடிமக்களைச் சுட்ட அதே அரசு அவர்களை வழிவிட்டு அனுப்பியது.)

இப்போது எல்லைக் கல்லுக்கும் இரும்பு வேலிக்கும் நடுவில் இருந்த நிலத்துக்கு வருவோம். அது கிழக்கு ஜெர்மனிக்குச் சொந்தம், ஆனால் வேலிக்கு வெளியே இருக்கிறது. மேற்கில் இருப்பவன் கால் வைத்தால் அத்துமீறல், கிழக்கில் இருப்பவன் கால் வைத்தால் தப்பியோட்டம். உரம் போடவும் ஆளில்லை, பயிர் வைக்கவும் ஆளில்லை. அதேசமயம் அங்கே காடு வளரவும் விடவில்லை. மரம் வளர்ந்தால் கோபுரத்திலிருந்து குறி பார்க்க முடியாதே! அதனால் அவ்வப்போது படைவீரர்கள் காவலோடு வந்து புதர்களை வெட்டினார்கள். வேலியை ஒட்டிய பகுதிகளில் களைக்கொல்லி அடித்தார்கள். விளைவு, அங்கங்கே சின்னப் புதர்களோடு உரம் காணாத ஏழைப் புல்வெளி. இரண்டு பக்கமும் இருந்த விவசாயத்தில் அப்படி ஒரு நிலமே மிச்சமில்லை. மேற்கில் உரமும் இயந்திரமும், கிழக்கில் கூட்டுப்பண்ணைகளின் பிரம்மாண்டமான வயல்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை நமக்குத் தெரியும். இங்கே வேலி பயிரை வளர்த்தது, அதுவும் தெரியாமல்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் பவேரியாவில் கோபுர்க் பக்கம் வளர்ந்த காய் ஃப்ரோபெல். 1970களில் அவர் பள்ளிப் பையன், பறவை பார்க்கும் பைத்தியம். எல்லைக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்று தொலைநோக்கியில் அந்தப் பக்கம் பார்ப்பார். எதிர்க் கோபுரத்திலிருந்து காவலர்கள் தொலைநோக்கியில் இவரைப் பார்ப்பார்கள். அவர் தேடியது வின்ச்சாட் என்கிற குருவி. நம்மூர் வயல்வெளியில் கம்பி மேல் உட்கார்ந்திருக்கும் கருப்பு-வெள்ளைப் புதர்ச்சிட்டு இருக்கிறதே, அதே இனக்குழு. இதற்கு இரண்டு விஷயம் வேண்டும். கூடு கட்டப் புல் நிறைந்த தரை, பூச்சி பிடிக்க உட்கார்ந்து பார்ப்பதற்குத் தரையிலிருந்து கொஞ்சம் உயரமான ஒரு குச்சி. ஃப்ரோபெலும் நண்பர்களும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தபோது, அந்த வட்டாரத்து வின்ச்சாட்டுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எல்லைப் பட்டையில்தான் கூடு கட்டின. வண்ணம் அடித்த எல்லைக் கம்பங்கள் அதற்குப் பிடித்தமான இருக்கை.

1989 நவம்பர் 9 அன்று சுவர் விழுந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 9 அன்று, ஹோஃப் நகரத்தில் இரு ஜெர்மனிகளிலிருந்தும் சுமார் 400 இயற்கை ஆர்வலர்கள் கூடினார்கள். 'பசுமைப் பட்டை' என்கிற பெயரும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்கிற தீர்மானமும் அன்று வந்தவை. நாடு முழுக்கக் கோட்டை அழிப்பதில் குறியாக இருந்த நேரத்தில் கோட்டைக் காப்பாற்றச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்தான். அவர்கள் பயந்தது வீணாகவில்லை. வேலி போன வேகத்தில் இரு பக்கத்து விவசாயிகளும் கலப்பையோடு உள்ளே வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மொத்த நீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வயலாகவும் சாலையாகவும் மாறிவிட்டது. அந்தப் பள்ளங்களைச் சங்கங்கள் நன்கொடை வசூலித்துத் துண்டு துண்டாக வாங்கி நிரப்பி வருகின்றன.

வாங்குவது என்றால் யாரிடமிருந்து? எனக்கு இந்தப் பயணத்தில் சிக்கலாகப்பட்ட கேள்வி இதுதான்.

கோபுர்க்கிலிருந்து வடமேற்கே, தூரிங்கியாவுக்குள் நுழைந்ததும் பில்முட்ஹவுசன் என்று வரைபடத்தில் இருக்கும். போய்ப் பார்த்தால் ஊர் இல்லை. எல்லைக்கு ரொம்பப் பக்கம் என்பதால் 1965இல் தேவாலயத்தை இடித்தார்கள், வீடுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்தார்கள், 1978இல் கடைசிக் குடும்பமும் போனது. இப்போது இருப்பது பழைய மின்மாற்றிக் கோபுரம், கல்லறைத் தோட்டம், நினைவுக்கல், பழ மரங்கள். நான் போனபோது மே மாதம், ஆள் நடமாட்டமே இல்லை. வண்டைத் தவிர சத்தம் இல்லை. அழகான இடம் என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது.

இது ஒரு ஊரோடு போகவில்லை. 1952 ஜூனில், எல்லைப் பகுதியில் 'நம்பகமில்லாதவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்ட 8,000க்கும் மேற்பட்டவர்களைத் திடீரென்று கிளப்பி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் 'பூச்சி ஒழிப்பு' என்று வரும். மனிதர்களைத்தான் சொன்னார்கள். 1961 இலையுதிர் காலத்தில் இன்னொரு சுற்று, சுமார் 3,000 பேர். 'யாருமற்ற நிலம்' என்று நாம் ரசிக்கிற பட்டையில் பல துண்டுகள் இப்படி யாரோ ஒருவரிடமிருந்து பிடுங்கப்பட்ட வயல்கள்.

இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு எல்லை நிலங்கள் மத்திய அரசின் கைக்குப் போயின. 1996இல் ஒரு சட்டம் வந்தது. எல்லைக்காக நிலத்தை இழந்தவர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், சந்தை விலையில் 25 சதவீதம் கட்டினால். தன்னிடமிருந்து எடுத்த நிலத்துக்குத் தானே காசு கட்டுவதா என்று பலர் கொதித்தார்கள். எனக்கு அந்தக் கொதிப்பு புரிகிறது. அப்படித் திரும்ப வாங்கியவர் அதில் மக்காச்சோளம் போட்டால், குருவிக்காக அவரைக் குறை சொல்ல என் மனசு ஒப்பவில்லை. ஆனால் பட்டையில் விழும் ஒவ்வொரு இடைவெளியும் பூச்சிக்கும் விலங்குக்கும் வழியடைப்பு என்பதும் உண்மை. சங்கங்கள் விலை கொடுத்து வாங்குவதும், மாற்று நிலம் தருவதும்தான் இதில் ஓரளவு நாணயமான வழியாகத் தோன்றுகிறது. மெதுவான வழி, அவ்வளவே.

தூரிங்கியா மாநிலம் 2018இல் தன் பங்கு எல்லை முழுவதையும், அதாவது 763 கிலோமீட்டரையும், தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது. அந்த வகைப்பாட்டில் இயற்கை மட்டுமல்ல, வரலாறும் காரணமாகச் சேரும். அதனால் கோபுரமும் கான்கிரீட் பலகையும்கூடப் பாதுகாப்புக்குள் வருகின்றன. இதில் எனக்குப் பிடித்தது, பலகைகளை யாரும் அழகுபடுத்தவில்லை என்பது. சமமான சைக்கிள் பாதை வேண்டுமென்று கேட்பவர்களும் உண்டு. இருக்கட்டும், ஆடட்டும்.

மோட்லாரொய்ட் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சுமார் 50 பேர் வாழும் கிராமம். நடுவில் தாண்டிவிடக்கூடிய ஒரு ஓடை, டான்பாக். ஓடைக்கு ஒரு பக்கம் பவேரியா, மறுபக்கம் தூரிங்கியா. 1966இல் ஊருக்கு நடுவிலேயே 700 மீட்டர் கான்கிரீட் சுவர் கட்டினார்கள். மறுபக்கத்து உறவினருக்குக் கையசைப்பதுகூடக் கிழக்கில் இருந்தவர்களுக்குத் தடை. அமெரிக்கப் படையினர் வைத்த பெயர் 'குட்டி பெர்லின்'. சுவரில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்றும் ஊர் இரண்டு மாநிலத்தில்தான் இருக்கிறது. அஞ்சல் குறியீடு வேறு, வண்டி எண் வேறு, வணக்கம் சொல்லும் வார்த்தைகூட வேறு.

பழக்கம் மனிதருக்கு மட்டுமில்லை. தெற்கே, பவேரியாவுக்கும் செக் நாட்டுக்கும் நடுவில் இருந்த இரும்புத்திரை மின்வேலியும் போய்ப் பல வருடம் ஆனபிறகு, அந்தக் காட்டுச் செம்மான்களுக்கு ஜி.பி.எஸ் பட்டை கட்டிப் பார்த்தார்கள். மான்கள் பழைய வேலிக் கோட்டுக்கு வந்ததும் திரும்பிவிடுகின்றன. அவற்றில் ஒன்றுகூட வேலியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை, மானின் ஆயுள் அவ்வளவு இல்லை. குட்டி தாயின் பின்னாலேயே நடந்து வழி கற்றுக்கொள்கிறது. தாய் தன் தாயிடம் கற்றது.

சரி, வெட்டுக்கு வருவோம். படைவீரர்கள் போனபிறகு புதர் வெட்ட ஆளில்லை. பிர்ச் மரமும் பைனும் விறுவிறுவென்று வளர்ந்து பல இடங்களில் பட்டை காடாகிவிட்டது. வடக்கே ஹார்ட்ஸ் மலைத் தேசியப் பூங்காவில் அதுதான் கொள்கை, தொடாதே என்று. பட்டை வண்டு தின்று செத்த ஸ்ப்ரூஸ் மரங்கள்கூட அப்படியே நிற்கின்றன, கீழே புதுக் கன்றுகள் வருகின்றன. ஆனால் தூரிங்கியாவின் புல்வெளிப் பகுதிகளில் தொடாமல் விட்டால் குருவியும் போகும், எல்லைக் கோடும் கண்ணிலிருந்து மறையும். ஆகவே ஆடு மேய்க்கிறார்கள், தாமதமாகப் புல் அறுக்கிறார்கள், மரம் வெட்டுகிறார்கள். இயற்கை ஆர்வலர்கள் ரம்பத்தோடு நிற்பதைப் பார்த்து நடைப்பயணிகள் சண்டைக்குப் போவதும் உண்டாம். மேய்ப்பர்களுக்கு இன்னொரு கவலை இருந்தது. எல்லையில் மொத்தம் சுமார் 13 லட்சம் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. அகற்றும் வேலை 1995இல் முடிந்தது என்று அறிவித்தார்கள், ஆனாலும் சில இடங்களில் பாதையை விட்டு விலகாதீர்கள் என்கிற அறிவுரை பல காலம் தொடர்ந்தது.

வின்ச்சாட் நிலைமை நன்றாக இல்லை. ஜெர்மனியில் 1987இல் அது 'ஆண்டின் பறவை', அழிகிறது என்று கவனம் ஈர்க்க. 2023இல் திரும்பவும் அதையே தேர்ந்தெடுத்தார்கள், அதே காரணத்துக்கு. பவேரியாவில் அழிவின் விளிம்பில் உள்ள பட்டியலில் இருக்கிறது. 100 மீட்டர் அகலப் பட்டை மட்டும் ஒரு பறவைக்குப் போதாது, சுற்றியுள்ள வயலில் பூச்சியும் இருக்க வேண்டும், குஞ்சு பறக்கும்வரை புல்லை அறுக்காமலும் இருக்க வேண்டும். மேற்கு ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் பகுதியில் ஒரு வழி செய்து பார்த்தார்கள். புல்வெளியில் நூற்றுக்கணக்கில் மூங்கில் குச்சிகளை நட்டு வைத்தார்கள், குருவி வந்து உட்கார. ஏப்ரலில் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் ஆண் குருவிகள் குச்சி அதிகமுள்ள இடமாகப் பார்த்து இறங்குகின்றன.