சர்க்கரை, உப்பு, தண்ணீர்: ஒரு கரைசலின் கதை

குழந்தைக்குப் பேதி ஆனால் "தண்ணி குடுக்காதே, இன்னும் அதிகமாப் போகும்" என்று சொல்லும் பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை ஒரு அகதி முகாமின் வரலாறு சொல்கிறது.

1971. வங்கதேச விடுதலைப் போர். லட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பன்கான் ஊரில் காலரா பரவியது. மருத்துவமனையில் இருந்தவை இரண்டே அறைகள். நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

அங்கே பொறுப்பில் இருந்தவர் குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ். குடலில் சர்க்கரை சேர்ந்தால்தான் உப்பும் நீரும் நன்றாக உறிஞ்சப்படும், காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1968-இல் டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் இதை நோயாளிகளிடம் நிரூபித்திருந்தார்கள். ஆனால் அது மருத்துவர்களின் கண்காணிப்பில் நடந்த ஆய்வு. முகாமில் யார் கண்காணிப்பது?

மஹலனாபிஸ் துணிந்தார். 1 லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கரைசலைக் குழாய் வைத்த டிரம்களில் நிரப்பினார்கள். பிடித்துக் கொடுத்தவர்கள் நோயாளிகளின் அம்மாக்களும் உறவினர்களும்தான்! சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அவரது குழு கவனித்தவர்களிடம் 3.6 சதவீதமாகக் குறைந்தது.

பல மருத்துவர்கள் முதலில் நம்பவில்லை. ஆனால் 1978-இல் உலக சுகாதார நிறுவனம் இதை உலகம் முழுக்கக் கொண்டு செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. வங்கதேசத்தில் 1980 முதல் பிராக் அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வெல்லமும் உப்பும் கலக்கும் விதத்தைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

காலரா மட்டுமல்ல. 1973-இல் ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப் குழு கண்டுபிடித்த ரோட்டா வைரஸ், ஈ.கோலை, ஷிகெல்லா எதுவானாலும் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்புதான். அதனால் ஓ.ஆர்.எஸ். முதலில். கூடவே துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. ஆன்டிபயாடிக் எல்லாப் பேதிக்கும் தேவையில்லை. ரத்தம் கலந்து போனாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, குழந்தை குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ரோட்டா வைரஸுக்கு இந்தியாவில் 2016 முதல் அரசே தடுப்பு மருந்து தருகிறது. இருந்தும் உலகில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் 5 வயதுக்குள் பேதியால் இறக்கிறார்கள்.

மஹலனாபிஸ் 2022-இல் காலமானார். பத்ம விபூஷண் 2023-இல், அவர் போன பிறகுதான் வந்தது. அவர் பெயர் நம் பாடப்புத்தகத்தில் படித்த ஞாபகம் எனக்கில்லை. உங்களுக்கு இருக்கிறதா?

அடுத்த முறை யாராவது "தண்ணி குடுக்காதே" என்றால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.