கொட்டாங்கச்சிக்கு வைத்த பெயர்

கோபாலபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பிற்பகலில் ஒருவர் வருவார். தோளில் கொத்தாகக் கொட்டாங்கச்சி வயலின்கள். சினிமாப் பாட்டொன்றை இழைத்துக்கொண்டே நடப்பார். அப்பா ஒன்று வாங்கித் தந்தார். என் கையில் அது கீச்சிட்டதே தவிரப் பாடவில்லை. ஏமாற்றிவிட்டான் என்றார்கள் வீட்டில். ஏமாற்று எதுவுமில்லை. அவர் விற்றது வாத்தியத்தை, கையை அல்ல.

இன்று என்னை உறுத்துவது அதன் பெயர். கொட்டாங்கச்சி வாயில் தோல், கழுத்துக்கு மூங்கில், வில்லுக்குக் குதிரைமயிர் - இந்தக் குடும்பம் இங்கே வயலினுக்கு மூத்தது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர், குதிரைவால் மயிர் கட்டிய வில்லால் இசைக்கும் பினாகி வீணையை விவரித்திருக்கிறார். மூத்ததற்கு இளையதின் பெயர்!

உடனே ராவணனை அழைத்துவர வேண்டாம். ராஜஸ்தானத்து போபாக்கள் பாபூஜி கதை பாட வாசிப்பது ராவணஹத்தா. 1782இல் பிரெஞ்சுக்காரர் சொன்னரா தம் பயண நூலில் இந்தப் பெயரை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1856இல் ஃபெத்திஸ் அதைப் பிடித்துக்கொண்டு, வில் வாத்தியங்களுக்கெல்லாம் இந்தியாவே தாய் என்றார். நம்மவர்களுக்கு உச்சி குளிர்ந்தது. 1964இல் பாக்மன் திரட்டிய சான்றுகளோ 10ஆம் நூற்றாண்டையொட்டிய மத்திய ஆசியாவைக் காட்டுகின்றன. ராவணனுக்கு வேறு வேலைகள் இருந்திருக்கும்.

என் கேள்வி ஆதியைப் பற்றியதல்ல. 1800ஐ ஒட்டி என்ன நடந்தது? மணலி முதலியார் ஆதரவில் இருந்த பாலுஸ்வாமி தீட்சிதர் (1786-1859) ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். 1834இல் சுவாதித் திருநாள் வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். இருவரும் மேதைகள்; அதில் தகராறில்லை. குரலைத் தொடர்ந்து இழைய ஒரு வில் வேண்டியிருந்தது. இரந்து பாடுகிறவர்களிடமும், சர்ப்பப் பாட்டுப் பாடும் மலையாளத்துப் புள்ளுவர்களிடமும் வில் இருந்தது. சங்கீதம் அங்கே போய்த் தேடவில்லை. கோட்டைக்குள் தேடியது.

நாலு தந்தி, விரலோடும் பலகை, மூன்று ஸ்தாயி - கொட்டாங்கச்சிக்கு இவை இல்லை என்பார்கள். உண்மை. ஆனால் வாத்தியம் தானாக வளர்வதில்லை. யாராவது அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒற்றை மரத்தைக் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்திய சாரங்கி, பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தே காலம் கழித்தது. ராம் நாராயண் (1927-2024) அதைத் தனிக் கச்சேரி மேடையில் உட்காரவைத்தார். கொட்டாங்கச்சிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. நானும் ஒரு வாரத்தில் பரணில் போட்டவன்தான்.

மியூசிக் அகாடமி எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். ஒரு டிசம்பர் மாலை அதன் எதிர்ச்சாரியில் அவர் வாசித்துக்கொண்டு போனார். கச்சேரி கேட்டு வந்த ஒருவர் நிறுத்தி, பேரனுக்காக, "இது என்னப்பா?" என்று கேட்டார்.

"வயலின், சார்."